நிழலிலிருந்து பொருள்: சி.டி. ஸ்கேன் கணக்கு பிறந்த கதை

சி.டி. ஸ்கேன் எடுத்து முடித்ததும் ஒரு பெரிய உறையில் ஃபிலிமைப் போட்டுக் கொடுப்பார்கள். செஞ்சிப் பக்கத்து ஆட்கள் இதற்காக முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பஸ் ஏறுவது வழக்கம். திரும்பி வரும் வழியிலேயே உறையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதவர்கள் குறைவு. கறுப்பு ஃபிலிமில் கட்டம் கட்டமாகத் தலையோ நெஞ்சோ வயிறோ குறுக்கே வெட்டிவைத்தாற்போல வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். அவற்றில் ஒன்று பெரும்பாலும் 120. பக்கத்தில் கே.வி. என்று போட்டிருக்கும்.

கத்தி படாத அந்த வெட்டு எப்படிப் பிறந்தது என்பதை இந்த 120-லிருந்தே சொல்ல ஆரம்பிக்கலாம்.

120 கே.வி. என்றால் 1,20,000 வோல்ட். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஸ்கேன் எந்திரத்தின் வளையத்துக்குள் ஒரு எக்ஸ்ரே குழாய் இருக்கிறது. உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்திருப்பார்கள். ஒரு முனையில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்கிறது. உலோகம் அவ்வளவு சூடானால் அதிலிருக்கும் எலெக்ட்ரான்கள் தாமாகவே வெளியே வரத் தொடங்கும். எதிர்முனையில் டங்ஸ்டன் முகப்பு கொண்ட ஒரு தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழன்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே அந்த 1,20,000 வோல்ட்டைக் கொடுத்ததும் எலெக்ட்ரான்கள் தட்டை நோக்கிப் பாய்கின்றன. ஓடும் தூரம் சில சென்டிமீட்டர்தான். அதற்குள்ளேயே ஒளியின் வேகத்தில் பாதியைத் தாண்டி, நொடிக்குச் சுமார் 1,75,000 கிலோமீட்டரை எட்டிவிடும்.

டங்ஸ்டனின் அணு எண் 74. அதன் கருவில் 74 புரோட்டான்கள் இருக்கின்றன, இழுப்பு பலமானது. பாய்ந்து வரும் எலெக்ட்ரான் கருவுக்கு அருகே போனால் பாதை வளைகிறது, வேகம் குறைகிறது, இழந்த ஆற்றல் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெளியேறுகிறது. அதுதான் எக்ஸ்ரே. கருவைவிட்டுச் சற்று எட்டிப் போன எலெக்ட்ரான் கொஞ்சம் ஆற்றலை மட்டும் விடும். ஒரே அடியில் நின்றுபோன எலெக்ட்ரான் வைத்திருந்த மொத்தத்தையும் விட்டுவிடும். ஆகவே குழாயிலிருந்து வரும் எக்ஸ்ரேயில் 120 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டை உச்சமாகக் கொண்டு எல்லா அளவும் கலந்திருக்கும்.

இன்னொரு பிறப்பும் உண்டு. பாய்ந்து வந்த எலெக்ட்ரான், டங்ஸ்டன் அணுவின் உள்கூட்டில் இருக்கும் எலெக்ட்ரான் ஒன்றை வெளியே தள்ளிவிடலாம். காலியான இடத்துக்கு மேல்கூட்டிலிருந்து ஒன்று இறங்கும். இரண்டு கூடுகளுக்கும் உள்ள ஆற்றல் வித்தியாசம் எக்ஸ்ரேயாக வெளிவரும். டங்ஸ்டனுக்கு இது சுமார் 59 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். தாமிரத்துக்கு வேறு எண், இரும்புக்கு வேறு எண். 1913-இல் மோஸ்லி என்ற இளைஞர் ஒவ்வொரு தனிமத்தின் இந்த எக்ஸ்ரேயையும் அளந்து, தனிமங்களின் வரிசை எடையால் அமைவதில்லை, கருவின் மின்னூட்டத்தால் அமைகிறது என்று நிறுவினார். அணு எண்ணுக்கு உறுதியான பொருள் கிடைத்தது அப்போதுதான்.

இத்தனையும் நடந்து, எலெக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றலில் எக்ஸ்ரேயாக மாறுவது 100-இல் ஏறக்குறைய 1 பங்கு. மீதி வெறும் சூடு. 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் டங்ஸ்டனை இதற்குத் தேர்ந்தெடுத்ததும், அடி ஒரே இடத்தில் விழாதபடி தட்டைச் சுழலவிடுவதும் அதனால்தான்.

எக்ஸ்ரேயை முதலில் கண்ட ராண்ட்ஜனுக்கு இதில் எதுவும் தெரியாது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், கறுப்பு அட்டையால் மூடிய குழாய்க்கு எதிரே இருந்த திரை ஒளிர்வதைப் பார்த்தார். டிசம்பரில் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலெக்ட்ரான் என்ற துகளைத் தாம்சன் நிறுவியது 1897-இல். பிள்ளையை உலகம் பார்த்து ஒன்றரை வருடம் கழித்தே தாய் யாரென்று தெரிந்தது. ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகமெங்கும் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில் அந்தப் பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு.

இனி உடம்புக்குள் போகலாம். எலும்பு சதையைவிட வெள்ளையாகத் தெரிவதற்கு அணுக்களே காரணம். சதையில் பெரும்பகுதி ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். அணு எண் 1, 6, 8. எலும்பில் இவற்றோடு பாஸ்பரஸும் கால்சியமும் இருக்கின்றன. எண் 15, 20. வரும் எக்ஸ்ரே ஒளித்துகளை ஓர் அணு இரண்டு விதமாக வழிமறிக்கும். ஒன்று, துகளை முழுதாக விழுங்கி, உள்கூட்டு எலெக்ட்ரான் ஒன்றை வெளியே அனுப்பும். இந்த விழுங்கல் எடைக்கு எடை பார்த்தால் அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் கால்சியம் சுமார் 15 மடங்கு. இரண்டாவது, துகள் ஓர் எலெக்ட்ரானில் மோதித் திசைமாறிப் போய்விடும். இதைக் காம்ப்டன் 1923-இல் விளக்கினார். சி.டி. ஸ்கேனில் சதைக்குள் அதிகம் நடப்பது இந்தச் சிதறல்தான். எலும்பில் விழுங்கலும் கணிசமாகச் சேர்ந்துகொள்கிறது.

செஞ்சிக்காரர்களுக்காக ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். நம் மலைகள் கருங்கல் மலைகள். இருநூறு கோடி ஆண்டுக்கும் மூத்த கல். அதில் நிறைந்திருக்கும் பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தில் பொட்டாசியம் (19), சிலிக்கான் (14), அலுமினியம் (13), ஆக்சிஜன் (8) இருக்கின்றன. அணு எண்களின் கணக்கில் எலும்பும் இதற்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. விழுங்கும் குணத்தில் எக்ஸ்ரேக்கு நம் எலும்பும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் கல்லும் பெரிய வித்தியாசமில்லாதவை.

ஆனால் சாதாரண எக்ஸ்ரே வெறும் நிழல்தான். மார்புப் படத்தில் விலா எலும்பு, நுரையீரல், இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். ஒரு வெண்புள்ளி தெரிந்தால் அது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. செஞ்சிக் கோட்டை மலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜகிரி மேற்கே, கிருஷ்ணகிரி வடக்கே, சந்திரகிரி தென்கிழக்கே. தூரத்தில் ஓரிடத்தில் நின்று அந்தி வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒட்டி ஒரே கரும் விளிம்பாகத்தான் தெரியும். சாலையோடு நகர நகர ஒன்று விலகும், இன்னொன்று மறையும். சுற்றிலும் எல்லாத் திசையிலிருந்தும் அந்த விளிம்பை வரைந்துகொண்டவர், மலைமேல் ஏறாமலே எது எங்கே நிற்கிறது என்று தரைப்படம் போட்டுவிடலாம்.

சி.டி. ஸ்கேனில் வளையம் நம்மைச் சுற்றுவது இதற்குத்தான். ஒவ்வொரு திசையிலிருந்தும் எவ்வளவு எக்ஸ்ரே தப்பி வந்தது என்று எதிர்ப்புறக் கருவி அளக்கிறது. நூற்றுக்கணக்கான திசைகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான எண்கள். அந்த எண்களிலிருந்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் மீட்டெடுக்க வேண்டும். இங்கேதான் கணக்கு வருகிறது. ஜி.என். ராமச்சந்திரன் வருவதும் இங்கேதான்.

ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனவரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டவர் சி.வி. ராமன். பிறகு கேம்பிரிட்ஜ். 1952-இல், முப்பது வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அவரை நம்பி, துறையை அவர் போக்கில் கட்டவிட்டார். கிண்டி வளாகத்தில் அவர் அமைத்த எக்ஸ்ரே ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டு அறிவியலின் பெருமைகளில் ஒன்று.

அங்கே நடந்தது வேறு வகை எக்ஸ்ரே வேலை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் படிகத்துக்குள் எக்ஸ்ரேயைச் செலுத்தினால், ஒவ்வோர் அணுவின் எலெக்ட்ரான்களும் அதைச் சிதறடிக்கும். சிதறிய அலைகள் சில திசைகளில் கூடிப் பெருகும், சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தகட்டில் விழும் புள்ளிக்கோலத்தைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். 1912-இல் லாவே இதற்கு வழிகாட்டினார். பிராக் தந்தையும் மகனும் அதை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். 1952-இல் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணின் கொலாஜனைப் படமெடுத்து ஆராய்ந்து, 1954-இல் நேச்சர் இதழில் முப்பிரி அமைப்பை முன்வைத்தார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும் வடிவமாக வெளியிட்டார்கள். அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்க முடியுமா என்று மேல்நாட்டில் ஆட்சேபம் எழுந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ராமச்சந்திரன் முறையாகத் தேடப் போனதில், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. இன்று எந்த நாட்டில் புரத அமைப்பைக் கண்டறிந்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

படிகக்காரர்களின் அன்றாடக் கருவி ஃபூரியர் கணிதம். எந்த வடிவத்தையும் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அதன் சாரம். படிகத்தின் புள்ளிக்கோலம் என்பதே எலெக்ட்ரான் அடர்த்தியை அலைகளாகப் பிரித்துக் காட்டுவதுதான். ராமச்சந்திரன் இதில் ஊறியவர். ஆர். சீனிவாசனுடன் சேர்ந்து, படிகவியலில் ஃபூரியர் முறைகள் பற்றி 1970-இல் ஒரு நூலே எழுதினார்.

அந்தச் சமயத்தில் நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் பிரச்சினை பல இடங்களில் தலைதூக்கியிருந்தது. கேம்பிரிட்ஜில் டிரோசியரும் குளூகும் 1968-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து வைரஸ் வாலின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டியிருந்தார்கள், ஃபூரியர் வழியில். ஒவ்வொரு நிழலையும் அலைகளாக மாற்று, எல்லாத் திசை அலைகளையும் ஒரே கட்டத்தாளில் பொருத்து, பிறகு மொத்தத்தையும் உருவமாகத் திருப்பு. கணக்கு சரிதான், ஆனால் அந்தக் காலக் கணினிக்கு மலையளவு வேலை.

1971-இல் ராமச்சந்திரனும் அவரிடம் ஆராய்ச்சி செய்த ஏ.வி. லட்சுமிநாராயணனும் வேறு வழி சொன்னார்கள். ராமச்சந்திரன் சென்னையைவிட்டுப் பெங்களூருக்குப் போன சமயம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்திலும் வருகைப் பேராசிரியராக இருந்தார். நிழலிலிருந்து பொருளை மீட்டுக் கட்டுதல் என்ற பொருள்படும் தலைப்பில் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் ஒரு கட்டுரை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி இதழின் செப்டம்பர் எண்ணில் இன்னொன்று. நிழல்களை அலைகளாக மாற்றவே வேண்டாம், நிழலின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டல் பெருக்கலில் வேலையை முடிக்கலாம் என்பதே அவற்றின் செய்தி.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது தகும். நிழலிலிருந்து உருவத்துக்குப் போக எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு திசை நிழலையும் வந்த பாதையிலேயே திருப்பிப் பரப்பி எல்லாவற்றையும் கூட்டுவது. ஊசி ஒன்று நடுவில் நின்றால், எல்லாத் திசைக் கோடுகளும் ஊசியின் மேல் சந்தித்து அங்கே எண் பெருகும். ஆனால் சந்திக்கப் போகும் வழியிலெல்லாம் கறை படிந்துவிடும். ஊசிக்குப் பதிலாக ஓரம் தேய்ந்த ஒரு மங்கல் புள்ளிதான் மிஞ்சும். மூளையில் ஒரு சிறு ரத்தக் கட்டை இப்படித் தேடினால் கிடைக்காது.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் என்ன செய்தார்கள் என்றால், பரப்பும் முன் ஒவ்வொரு நிழலையும் திருத்தினார்கள். அளவுகோலுக்கான ஒரு பொதுப் பெருக்கெண்ணை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன். ஊசியின் நிழல் 0, 0, 0, 1, 0, 0, 0 என்று வருகிறது என்போம். அந்த 1 இருக்கும் இடத்தில் 2.47 போட வேண்டும். இருபக்கமும் அடுத்த இடத்தில் 1-ஐக் கழிக்க வேண்டும். அதற்கடுத்த இடத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்றாம் இடத்தில் 9-இல் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். நான்காம் இடம் சும்மா. ஐந்தாம் இடத்தில் 25-இல் ஒரு பங்கு. ஒற்றைப்படை இடங்களில் மட்டும், அந்த இடத்தின் வர்க்கத்தில் ஒரு பங்கு, இப்படியே கடைசிவரை. நிழலின் ஒவ்வோர் எண்ணுக்கும் இதையே செய்து கூட்டிவிட்டு, பிறகு பரப்ப வேண்டும். கழித்துவைத்த எண்கள் மற்றத் திசைகளிலிருந்து வந்து படியும் கறையைச் சரியாகத் துடைத்துவிடும். ஊசி இருந்த இடத்தில் ஊசி நிற்கும்.

இந்த எண்களின் அழகு இன்னும் உண்டு. 2.47 என்பது பை வர்க்கத்தின் கால் பங்கு. 1, 1/9, 1/25 என்று போகும் வரிசையை முடிவில்லாமல் கூட்டினால் பை வர்க்கத்தின் எட்டில் ஒரு பங்கு வரும் என்பது ஆய்லர் காலத்திலிருந்தே தெரிந்தது. இருபுறமும் சேர்த்தால் கால் பங்கு. ஆக நடுவில் போட்டதும் இருபுறம் கழித்ததும் சரிக்குச் சரி, மொத்தம் பூஜ்யம். மாற்றமில்லாத சமதளம் அடங்கிவிடும், விளிம்புகள் எழுந்து நிற்கும்.

இந்த எண்கள் வந்ததும் ஃபூரியர் கணிதத்திலிருந்துதான். அந்தக் கணிதத்தை ஒரே ஒரு முறை தாளில் முடித்துவிட்டு, விடையை மட்டும் கணினியிடம் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு நோயாளிக்கும், ஒவ்வொரு நிழலுக்கும் அதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஃபூரியரைக் கரைத்துக் குடித்தவரால்தான் அதை எங்கே விட்டுவிடலாம் என்று காட்ட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். கணினியில் உருவாக்கிய நிழல்களை வைத்துச் சோதித்தபோது வேகம் சுமார் 30 மடங்கு கூடியது, துல்லியமும் கூடியது. எக்ஸ்ரே படத்துக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் இது நன்றாகப் பயன்படும் என்று கட்டுரையிலேயே எழுதினார்கள்.

செப்டம்பர் கட்டுரைக்கு மறு மாதமே, 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. ஈ.எம்.ஐ. நிறுவனம் அதை உலகுக்கு அறிவித்தது 1972-இல். ராமச்சந்திரனுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் வேலை தெரியாது, அவருக்கு இவர் வேலை தெரியாது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் எந்திரம் வேறு கணக்கில் ஓடியது; விடையை ஊகித்து, நிழலோடு ஒப்பிட்டு, திரும்பத் திரும்பத் திருத்தும் முறை. சில ஆண்டுகளில் எந்திரங்கள் நிழலைத் திருத்திப் பரப்பும் முறைக்கு மாறின. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் சி.டி. ஸ்கேன்கள் பெரும்பாலும் அதன் ஏதாவது ஒரு வடிவத்தில்தான் ஓடின. லட்சுமிநாராயணனே பிறகு அமெரிக்காவின் பஃபலோவில் இருந்தபோது, விசிறிபோல் விரியும் எக்ஸ்ரேக்கு ஏற்றபடி கணக்கை 1975-இல் விரித்து எழுதினார்.

நோபல் பரிசு 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மக்குக்கும் போனது. தமிழனுக்கு வரவேண்டியதைப் பறித்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் சிலர் பேசுவதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஹவுன்ஸ்ஃபீல்டு எந்திரத்தைக் கட்டி நோயாளியைப் படுக்கவைத்தவர். கார்மக் 1963, 64-லேயே கணக்கை எழுதியவர். அதற்கும் முன்னால் 1917-இல் ஆஸ்திரியக் கணிதர் ராடான் அடிப்படைத் தீர்வை எழுதிவிட்டார். திருத்திப் பரப்பும் யோசனையையே வானொலி வானியலுக்காக ப்ரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-இல் சொல்லியிருந்தார்கள். இத்தனை பேர் கை பட்டுப் பிறந்த பொருள் அது. ராமச்சந்திரனுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை, இல்லாத உரிமையைக் கோருவது ஆகாது. அவர் செய்தது என்ன என்று சரியாகத் தெரிந்துவைத்திருப்பதே. அந்த எண்வரிசைக்கு உலகெங்கும் இருவர் பெயரையும் சேர்த்து ராம்-லாக் வடிகட்டி என்றுதான் பெயர். பொறியாளர்கள் பயன்படுத்தும் மேட்லாப் மென்பொருளில் நிழலிலிருந்து உருவத்தை மீட்கச் சொன்னால், வேறு எதையும் கேட்காதவரை அது எடுத்துக்கொள்வது ராம்-லாக்கைத்தான்.

ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். அமெரிக்க அகாதமி இதழில் வந்த அந்த 1971 கட்டுரை ஐந்தே பக்கம். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இயற்பியலோ கணிதமோ பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டாத கணிதம் எதுவும் அதில் இல்லை. எடுத்துப் படியுங்கள். ஊசி நிழலை ஒரு தாளில் எழுதி, அந்த எண்களைக் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர்கள் எக்ஸ்ரே பாடம் நடத்தும் வாரத்தில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.